உள்ளானைத் தின்ற ஒப்பந்தம்

பல்கலைக்கழகத்துக்கும் ஊர் அருங்காட்சியகத்துக்கும் கூட்டாய்வு ஒப்பந்தம் கையெழுத்தான அன்று மேடையில் பதினேழு பேர் இருந்தார்கள். அதில் வேலை செய்கிற ஆள் ஒருவர்தான். நாற்காலி போதவில்லை என்று அவரை நிற்க வைத்திருந்தார்கள்.

அவரை எல்லோரும் வண்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அருங்காட்சியகத்தில் எலும்புக்கூடு தயாரிப்பது அவர் வேலை. குரங்கோ மரநாயோ செத்து வந்தால் தோலை உரித்து, சதையைக் காயவைத்து, வண்டுப் பெட்டிக்குள் இறக்கிவிடுவார். பத்தே நாள். எந்தக் கத்தியாலும் முடியாத சுத்தத்தில் வெள்ளை வெளேரென்று எலும்பு மட்டும் மிஞ்சும். அந்த வண்டு ஓர் உளுந்து நீளத்துக்கு மேல் இராது. உயிருள்ளதைத் தொடாது, எலும்பையும் தொடாது. காய்ந்த சதை, தோல், இறகு, கம்பளி, பட்டு என்று எது கிடைத்தாலும் விடாது.

ஆக, அவருக்கு வேலை இரண்டு. வண்டுக்குத் தீனி போடுவது ஒன்று. அதை வெளியே விடாமல் இருப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய வேலை. ஏனென்றால் வண்டறைக்கு அடுத்த அறையே பறவைக்கூடம். பஞ்சடைத்துப் பாடம் செய்த பறவைகள் நானூறு அங்கே இருந்தன. கட்டடம் கட்டியவர்களின் மூளை அவ்வளவுதான். நடுவில் ஓர் இரும்புக் கதவு, அதன் விளிம்பெல்லாம் ரப்பர், வாசற்படியில் விரல் அகலத்துக்குக் கிரீஸ். இருபத்தோரு வருடத்தில் ஒரே ஒரு வண்டுகூட அந்தப் பக்கம் போனதில்லை.

நானூறில் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது போனாலும் அவர் மனசைத் தேற்றிக்கொள்வார். காக்கையும் கொக்கும் வேண்டுமளவு வெளியே பறக்கின்றன. மிச்சமிருக்கும் ஒன்றுதான் விஷயம். கரும்பட்டை உள்ளான். புறா அளவுகூட இல்லாத பழுப்பு நிறக் குருவி. மார்பில் ஒரு கறுப்புப் பட்டை, நுனியில் லேசாக வளைந்த அலகு. நூற்றுப் பத்து வருடத்துக்கு முன் யாரோ ஒரு கனவான் அதைச் சுட்டார். அதற்குப் பிறகு உலகத்தில் எவர் கண்ணுக்கும் அந்த இனத்தில் ஒரு பறவை தட்டுப்படவில்லை. இதுதான் கடைசி என்று சுட்டவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் நன்றாகக் குறிபார்த்திருப்பார். பாடம் செய்தவர் ஒரு கஞ்சன். பூச்சி அண்டாமல் இருக்கத் தோலின் உட்பக்கம் மருந்து தடவ வேண்டும். அதை மிச்சம் பிடித்திருந்தார்.

வண்டுக்காரர் தினமும் காலையில் மெல்லிய தூரிகையால் அதன் முதுகைத் தடவி, "பத்திரமா இரு" என்று சொல்லிவிட்டுத்தான் வேறு வேலை பார்ப்பார். "என் சக்களத்தி சௌக்கியமா?" என்று வீட்டில் மனைவி கேட்பாள். "நல்லாருக்கா" என்பார் அவர்.

சரி, மேடைக்கு வருவோம். ஒப்பந்தம் அறுபத்து நான்கு பக்கம். அதில் 'ஒத்திசைவு' என்ற சொல் நூற்றுப் பன்னிரண்டு முறை வந்தது. 'வண்டு' ஒருமுறையும் வரவில்லை. அட்டையில் கூட்டாய்வின் சின்னம்: உள்ளான் அலகில் ஒரு புத்தகத்தைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. வரைந்தவர் அதற்கு வாத்துக் கால் போட்டிருந்தார்.

துணைவேந்தர் மைக்கைப் பிடித்தார். "பல்கலைக்கழகம் என்பது கடல். உள்ளூர் நிறுவனங்கள் ஓடைகள். ஓடை கடலில் கலக்கும்போது ஓடைக்குத்தான் பெருமை. கடலுக்கு அது தெரிவதுகூட இல்லை. இருந்தாலும் நாங்கள் உங்களை அணைத்துக்கொள்கிறோம்." அருங்காட்சியகக் காப்பாளர் முதல் ஆளாகக் கை தட்டினார். ஓய்வு பெற அவருக்கு இரண்டே வருடம் பாக்கி. அதனால் எது நடந்தாலும் கை தட்டுகிற நிலையில் இருந்தார்.

கீழே இறங்கியதும் கூட்டாய்வின் ஒருங்கிணைப்பாளர் அம்மாள் வண்டுக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஐயா, நாங்க உங்ககிட்ட கத்துக்கத்தான் வந்திருக்கோம். நீங்க எங்களோட உள்ளூர்ப் பங்காளி" என்றாள். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆளின் கையைப் பிடிக்கப் போய்விட்டாள்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "பங்காளியா? பங்காளின்னு ஒருத்தன் கைய நீட்டிட்டு வந்தா அவன் பாகம் பிரிக்கத்தான் வந்திருக்கான். எதுக்கும் ஜாக்கிரதையா இருங்க."

முதல் பாகம் ஃப்ரீசர். எலும்போடு ஒட்டிக்கொண்டு ஓரிரு வண்டு வெளியே வந்துவிடக்கூடாதே என்று, சுத்தம் செய்த எலும்பை அவர் இரண்டு வாரம் பெரிய ஃப்ரீசரில் வைப்பார். குளிர் ஒன்றுக்குத்தான் அந்த வண்டு சாகும். 'வளப் பகிர்வு' என்று ஓர் ஆணை வந்தது. நாலு பேர் வந்து ஃப்ரீசரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பல்கலைக்கழகப் பொதுவளக் கூடத்தில் வைத்தார்கள். இனி யார் வேண்டுமானாலும் அதைப் பயன்படுத்தலாம், அவரைத் தவிர. அவரிடம் பல்கலைக்கழக அடையாள அட்டை இல்லை.

இரண்டாவது மாதம் கமிட்டி கூடியது. அந்த வருடத்தின் கொள்கை முழக்கம் 'சுவரில்லா அறிவு' என்று முன்பே தீர்மானமாகியிருந்தது. நிறுவனங்களுக்கு நடுவே உள்ள சுவர்களை இடிக்க வேண்டும் என்று உண்மையிலேயே ஆள் அனுப்பிவிட்டார்கள். வந்த பொறியாளர் தட்டிப் பார்த்துவிட்டு, சுவரை இடித்தால் கூரை தலையில் விழும் என்று எழுதிக் கொடுத்தார். கமிட்டி ஒரு மணி நேரம் வருத்தப்பட்டது. பிறகு ஒருங்கிணைப்பாளர் அம்மாளுக்கு ஒரு வழி தோன்றியது.

"ஐயா, உங்க அறைக் கதவு பத்தி ஒரு சின்ன விஷயம்" என்றாள் வண்டுக்காரரிடம்.

"கதவு நல்லாத்தான் இருக்கு மேடம். போன மாசம்தான் ரப்பர் மாத்தினேன்."

"அதைத்தான் எடுத்துடலாம்னு இருக்கோம்."

"ரப்பரையா?"

"கதவை."

வண்டுக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து நின்றார். கமிட்டியில் பேசுகிறவர் எழுந்து நிற்க வேண்டியதில்லை என்பது அவருக்குத் தெரியாது. "ஐயோ, வேணாங்க! அந்தக் கதவில்லைன்னா வண்டு அந்தப் பக்கம் போயிரும். நானூறு பறவையையும் தின்னுரும். உள்ளானைத் தின்னுருங்க! உலகத்துல அது ஒண்ணுதாங்க இருக்கு!"

துணைவேந்தர் புன்னகைத்தார். சின்னப் பிள்ளை ஏதோ கேட்டுவிட்டது போன்ற புன்னகை. "வண்டு பறக்குமாய்யா?"

"சூடு ஏறினா பறக்குங்க ஐயா."

"பாருங்க! ஒரு வண்டே பறக்குது. நாம இன்னும் கதவைப் பூட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம்" என்றார் துணைவேந்தர். இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். வண்டுக்காரர் சொன்னதையும் எழுதினார்கள்: 'உள்ளூர்ப் பங்காளி உணர்ச்சிப் பெருக்குடன் எழுந்து நின்று தம் கருத்தைப் பகிர்ந்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.'

வெளியே வராந்தாவில் காப்பாளர் அவரை ஓரமாக இழுத்தார். "ஏன்யா, எல்லாத்துக்கும் குறுக்க நிக்கிற? பெரிய மனுஷங்க ஏதோ ஆசைப்படுறாங்க."

"நான் எங்கங்க நிக்கிறேன்? கதவுதான் நிக்குது."

"அதான் எடுக்கப் போறோமே, விடு."

கதவை எடுக்கும் விழாவுக்கு இருபது நாள் ஏற்பாடு நடந்தது. கதவைக் கழற்ற மூன்று ஆள் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு, கதவில்லாத வாசலில் ஒரு ரிப்பனைக் கட்டி, அதைத் துணைவேந்தர் வெட்டினார். ரிப்பன் கட்டியிருந்த அந்த அரைமணி நேரத்தில் அதன் மேல் ஒரு வண்டு ஏறி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடந்து போனதை வண்டுக்காரர் தன் கண்ணால் பார்த்தார். பாய்ந்து போய் அதைப் பிடித்தார். போட்டோக்காரர், "சார், ஃப்ரேமுக்குள்ள வராதீங்க" என்றார்.

கதவை வெளியே எறியவில்லை. பல்கலைக்கழக முகப்புக் கூடத்தில் விளக்கு போட்டு மாட்டி, 'ஒரு காலத்தில் அறிவு இதன் பின்னால் அடைபட்டிருந்தது' என்று கீழே பித்தளைத் தகடு வைத்தார்கள்.

மறுநாள் வண்டுக்காரர் வீட்டிலிருந்து கெட்டியான போர்வை ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் தொங்கவிட்டு, ஓரமெல்லாம் கிரீஸ் தடவினார். மூன்றாம் நாள் ஒருங்கிணைப்பாளர் அம்மாள் வந்து பார்த்தாள். கோபப்படவில்லை. அவளுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை, அதுதான் அவளிடம் பயமே. "ஐயா, கதவு போயிருச்சு. ஆனா உங்க மனசுல இன்னும் கதவு இருக்கு பாருங்க. அதோட வடிவம்தான் இந்தப் போர்வை" என்று சொல்லி அதைத் தன் கையாலேயே மடித்துக் கொடுத்தாள். கையில் கிரீஸ் பட்டதற்கு மட்டும் முகத்தைச் சுளித்தாள்.

பன்னிரண்டாம் நாள் உள்ளானின் காலடியில் மாவு சிந்தியதுபோல் பழுப்பாக ஒரு பொடி கிடந்தது. வண்டுக்காரர் ஒரு விரலால் தொட்டு மோந்து பார்த்தார். பக்கத்தில் மயிர் மயிராக ஒரு புழுத்தோல். முட்டையிட்டு, பொரித்து, தோலும் உரித்திருக்கிறது என்றால் உள்ளே எத்தனை இருக்குமோ! வழி ஒன்றே ஒன்றுதான். பதினாலு நாள் கடுங்குளிர்.

உள்ளானை அட்டைப்பெட்டியில் வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பொதுவளக் கூடத்துக்கு ஓடினார். ஃப்ரீசரின் மேல் கையை வைத்துக்கொண்டு ஓர் எழுத்தர் உட்கார்ந்திருந்தார்.

"விண்ணப்பம் போட்டீங்களா?"

"இது எங்க ஃப்ரீசருங்க!"

"அதனாலதான் கேக்குறேன். வெளியாளுன்னா நேரா விட்டுருவோம். பங்காளி நிறுவனம்னா ஏழு கையெழுத்து வேணும்." எழுத்தர் இரக்கமுள்ளவர். மூடியைத் திறந்து காட்டினார். "கையெழுத்து இருந்தாலும் இடமில்லை சார், பாருங்க. ஆண்டு விழாவுக்கு ஐஸ்கிரீம், நானூறு கப். விழா முடியட்டும். அதுவரைக்கும் பறவையை நிழல்ல வைங்க."

அன்று சாயங்காலம் வண்டுக்காரர் தன் வாழ்நாளில் முதல்முறையாக அருங்காட்சியகப் பொருளை வெளியே எடுத்துப்போனார். திருடத் தெரியாத மனுஷன். உள்ளான் இருந்த கண்ணாடிப் பேழைக்குள், 'பராமரிப்புக்காக என் வீட்டில் இருக்கிறது' என்று எழுதி, கையெழுத்து, தேதி, வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் போட்டு ஓர் அட்டையை வைத்துவிட்டுத்தான் போனார்.

மனைவி பெட்டியைத் திறந்து பார்த்தாள். "சக்களத்தியைக் கடைசியில வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

"பதினாலு நாள்தான். மேல்தட்டு வேணும்."

மேல்தட்டில் இருந்த மீனையும் பட்டாணியையும் வெளியே எடுத்தாள். துணியால் துடைத்தாள். ஐஸ் தட்டையும் எடுத்துவிட்டு உள்ளானை அவளே உள்ளே வைத்தாள். "ஏங்க, இவ்வளவு சின்னதா? இதுக்கா இருபத்தோரு வருஷமா கொஞ்சல்!" என்றாள். ஆனால் கதவைச் சாத்தும்போது மெதுவாகத்தான் சாத்தினாள். இனி பதினாலு நாள் யாரும் மேல் கதவைத் திறக்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினாள். வீட்டில் இருந்தது இரண்டே பேர். இருந்தாலும் ஒட்டினாள். மூன்று வேளையும் பட்டாணி சாப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் வாசலில் இரண்டு கார் வந்து நின்றது. காப்பாளர், ஒருங்கிணைப்பாளர் அம்மாள், வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு பேராசிரியர்கள், போட்டோக்காரர், ஒரு போலீஸ்காரர். போலீஸ்காரருக்கு என்ன திருட்டு என்று வழியெல்லாம் விளக்கியும் புரியவில்லை போலும். "ரொக்கம் எதுவும் போகலையே?" என்று மறுபடியும் கேட்டார்.

ஒருங்கிணைப்பாளர் அம்மாள் நேராகச் சமையலறைக்குப் போனாள். அங்கே ஒட்டியிருந்த தாளைப் படித்தாள். "ஐயா, நம்ம சின்னத்தை ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சிருக்கீங்களா? மீனும் பட்டாணியும் வைக்கிற இடத்துலயா?"

"மேடம், இன்னும் பதினொரு நாள். பதினொரே நாள் விட்டுருங்க. உள்ள புழு மயங்கிக் கிடக்கு, சாகலை. இப்ப வெளிய எடுத்தா முழிச்சுக்கும்." அவர் ஃப்ரிட்ஜின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உங்க கால்ல வேணா விழுறேன். வேலையை எடுத்துக்குங்க. இதைத் திறக்காதீங்க."

"விழாவுக்கு இருபத்தாறு நாள்தான் இருக்கு. நம்ம சின்னம் இல்லாம எப்படிங்க விழா?" என்று அவள் மெதுவாக அவர் தோளைப் பிடித்து நகர்த்தினாள்.

மனைவி குறுக்கே வந்தாள். "ஏம்மா, படிச்சவங்கதானே நீங்க? அவர் சொல்றது காதுல விழலையா?"

"விழுது அம்மா. கண்டிப்பா பதிவு பண்றோம்" என்றாள் ஒருங்கிணைப்பாளர் அம்மாள். கையுறைக்காரர் மேல் கதவைத் திறந்தார்.

உள்ளானை ஊர்வலம் போலக் கொண்டுபோனார்கள். மீட்கப்பட்ட செல்வம் என்று செய்தியில் படம் வந்தது. பாதுகாப்பு போதவில்லை என்று முடிவு செய்து, பறவைக்கூடத்தின் நடுவில் தனியாக ஒரு பேழை செய்து, இரவு பகல் எரிகிற மாதிரி ஆறு சூடான விளக்குகளை அதன் மேல் தொங்கவிட்டார்கள். அந்த வெதுவெதுப்பில் வண்டு ஒன்றுக்கு நூறாகும் என்று சொல்லக்கூடிய ஒரே ஆளை அன்றைக்கே தற்காலிகப் பணிநீக்கம் செய்துவிட்டார்கள்.

வேலைதானே போயிற்று, டிக்கெட் வாங்கிக்கொண்டு போகத் தடையில்லையே. வண்டுக்காரர் தினமும் வரிசையில் நின்று, டிக்கெட் எடுத்து, பேழை முன்னால் போய் நின்றார். முதல் வாரம் மார்பில் ஓர் இறகு தொங்கியது. இரண்டாம் வாரம் கறுப்புப் பட்டை பாதி போயிற்று. அவர் கண்ணாடியைத் தட்டிக் கத்தினார். காவலாளி வந்து மூன்றடி தள்ளி நிற்கச் சொன்னான். தினம் ஒரு மனு எழுதிக் கொடுத்தார். ஏழாவது மனுவுக்குப் பதில் வந்தது: 'தாங்கள் குறிப்பிட்டுள்ள இறகு உதிர்வு கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. பறவைகளுக்கு ஆண்டுதோறும் இறகு உதிரும் பருவம் உண்டு என்பதைத் தங்கள் தகவலுக்காகத் தெரிவித்துக்கொள்கிறோம்.' செத்து நூற்றுப் பத்து வருடமான பறவை. கையெழுத்துப் போட்டிருந்தவர் விலங்கியல் துறைத் தலைவர். வண்டுக்காரர் அந்தக் காகிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு, ரோட்டோரமாக உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் பேழை மேல் பட்டுத்துணி போட்டு மூடினார்கள். திரை திறக்கும்போது ஓர் ஆச்சரியம் இருக்க வேண்டுமாம். பட்டும் அந்த வண்டுக்குப் பிடிக்கும் என்பதை முன்பே சொல்லியாயிற்று.

விழா நாளில் அவரை உள்ளே விடவில்லை. ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். ஐஸ்கிரீம் முடிந்து, துணைவேந்தர் துணியை இழுத்தார். அங்கங்கே சல்லடையாய் ஓட்டை விழுந்திருந்த துணி கையோடு வந்தது. உள்ளே ஒரு கம்பி, கொஞ்சம் பஞ்சு, ஓர் அலகு, இரண்டு கண்ணாடிக் கண். அடியில் பழுப்பாய் ஒரு குவியல். குவியல் நெளிந்துகொண்டிருந்தது.

கூடத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. காப்பாளர் மட்டும் பழக்க தோஷத்தில் இரண்டு தடவை கை தட்டிவிட்டு நிறுத்தினார். துணைவேந்தர் என்றால் சும்மாவா? ஒரு நிமிடம் குவியலைப் பார்த்தார். மைக்கை வாங்கினார்.

"நண்பர்களே, நூற்றுப் பத்து ஆண்டுகளாக இந்தப் பறவை சும்மா நின்றுகொண்டிருந்தது. ஒரு முடிவைக்கூட இது தரவில்லை. இன்று, நாலே மாதக் கூட்டாய்வில், இதிலிருந்து நமக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கிறது. கதவில்லாத சூழலில் ஓர் அரிய பறவை எத்தனை நாளில் உண்ணப்படும்? உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இதற்கு விடை தெரியாது. நமக்குத் தெரியும்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. சிலர் எழுந்து நின்றார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் விசாரணை. குற்றச்சாட்டு மூன்று. பறவையை அனுமதியின்றி வெளியே எடுத்தது. குளிரில் வைத்து வண்டுகளுக்குப் பசியைத் தூண்டியது. அவருடைய பொறுப்பிலிருந்த வண்டுகள் முன் அனுமதி பெறாமல் பறவைக்கூடத்துக்குள் நுழைந்தது. வேலை நிரந்தரமாகப் போயிற்று. ஓய்வூதியமும் போயிற்று. இந்த 'முடிவு' பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளியானபோது ஆசிரியர் பட்டியலில் பதினாலு பெயர். ஃப்ரீசர் எழுத்தர் பெயர்கூட இருந்தது. கடைசிப் பக்கத்தில் காப்பாளருக்கும், விளக்கு மாட்டியவருக்கும், வண்டுகளுக்கும் நன்றி சொல்லியிருந்தார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் ஒருங்கிணைப்பாளர் அம்மாள் வீட்டுக்கு வந்தாள். மனைவி தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கதவோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஐயா, நல்ல சேதியோட வந்திருக்கேன். நம்ம கட்டுரையைப் படிச்ச வெளிநாட்டு அறிஞர்கள் ரொம்பப் பாராட்டியிருக்காங்க. ஒரே ஒரு குறைதான் சொல்றாங்க. ஒரு பறவையை வெச்சு எப்படி முடிவுக்கு வர முடியும், இன்னொரு தடவை செஞ்சு பார்க்கணும்னு."

"இன்னொண்ணு ஏதுங்க? உலகத்துல அது ஒண்ணுதானே இருந்துச்சு?" அவர் குரலில் உயிரே இல்லை.

"அதான் இல்லை! நம்ம விழாச் செய்தியைப் பார்த்துட்டு மலையூர்லேர்ந்து ஒருத்தர் எழுதியிருக்கார். அங்க சின்னதா ஒரு அருங்காட்சியகம், ரெண்டே அறை. ஏதோ ஒரு இழுப்பறையில வேற பேர் எழுதி ஒரு பறவை கிடந்துச்சாம். படம் அனுப்பினார். அதே பட்டை. கரும்பட்டை உள்ளான், பொட்டைப் பறவை!"

வண்டுக்காரர் எழுந்துவிட்டார். அந்த மூன்று மாதத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை மனைவி பார்த்ததில்லை. இன்னொன்று இருக்கிறது! அடுத்த நொடி அந்த அம்மாள் எதற்கு வந்திருக்கிறாள் என்பது உறைத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அவங்களோடயும் ஒப்பந்தம் போட்டாச்சு. வண்டுப் பெட்டியைப் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்க்க அனுபவமுள்ள ஆள் வேணும். உங்களை விட்டா யாரு? திரும்ப வேலை. ஓய்வூதியம். கட்டுரையில பதினஞ்சாவது பேர் உங்க பேரா இருக்கும்."

"வெளிய போம்மா" என்றாள் மனைவி.

"இரு" என்றார் வண்டுக்காரர். "பெட்டியை இங்க அனுப்பிடுங்க மேடம். பதினஞ்சு நாள்ல கிளம்புறேன்."

அவள் போனதும் மனைவி கத்தித் தீர்த்துவிட்டாள். இவ்வளவு பட்டும் புத்தி வரவில்லையே, ஓய்வூதியத்துக்காக அந்தப் பாவத்தையும் சுமக்கப் போகிறீர்களா என்று கேட்டாள். பெட்டி வந்து சேர்ந்ததும், ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் இருந்த மீனையும் பட்டாணியையும் எடுத்து வெளியே வைத்தார். மனைவிக்கு அப்போதுதான் புரிந்தது. அவளே வந்து அளந்து பார்த்தாள். பெட்டி கொள்ளாது. இருவருமாகச் சேர்ந்து வண்டுகளைப் பஞ்சோடு அள்ளி ஐந்து டப்பாக்களில் போட்டார்கள்.

இருபத்தோரு வருடம் தீனி போட்டு வளர்த்த வண்டுகள். எந்தத் தாய்க்கு எந்தக் குஞ்சு என்று தெரியாதே தவிர, எல்லாம் அவர் கையால் தின்று பெருத்தவைதான். ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்திவிட்டு அவர் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தார். "அதுங்க என்ன பண்ணுச்சு பாவம், கதவு இல்லை, போச்சு" என்றார். பதினாலு நாளும் கதவைத் திறக்கவில்லை. பதினைந்தாம் நாள் ஒவ்வொரு டப்பாவாக வெயிலில் வைத்து, ஒன்றுகூட அசையவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பெட்டியில் கொட்டினார். பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. மேலே ரிப்பன் சுற்றி, வாத்துக்கால் சின்னத்தை ஒட்டி, அவரைப் பஸ் ஏற்றிவிட்டார்கள்.

எட்டு மணி நேரப் பயணம். வழியெல்லாம் அவர் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனார். மலையூர்க்காரர் நல்ல மனுஷனாகத்தான் இருப்பார். அவரிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். வண்டு எல்லாம் செத்துப்போயிற்று, இனி ஒரு கூட்டம் வளர்த்தெடுக்க ஒரு வருடமாவது ஆகும். அதற்குள் அந்தப் பறவையை எடுத்து எங்கேயாவது ஒளித்துவையுங்கள், காணாமல் போய்விட்டது என்று எழுதிவிடுங்கள் என்று காலைப் பிடித்தாவது சொல்ல வேண்டும்.

மலையூர் அருங்காட்சியகம் உண்மையிலேயே இரண்டே அறை. வாசலில் ஒல்லியாக, கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர் காத்திருந்தார். காப்பாளர், எழுத்தர், காவலாளி, கூட்டுகிறவர் எல்லாம் அவர் ஒருவர்தான். ஓடி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். "வாங்க சார், வாங்க. உங்க பேரைக் கேள்விப்பட்டிருக்கேன். நீங்க வர்றது எங்களுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?"

"தம்பி, முதல்ல உள்ளானைப் பார்க்கணும். அப்புறம் உங்ககிட்ட தனியா ஒரு விஷயம் பேசணும்."

"அதுக்கென்ன சார், உள்ள வாங்க." இளைஞர் முன்னால் நடந்தார். இரண்டு அறைக்கும் நடுவில் கதவு இல்லை. "மேடம் போன்ல சொன்னாங்க, அன்னைக்கே கழட்டிட்டோம். எங்களுக்கு இதுதான் முதல் ஒப்பந்தம் சார். சின்ன இடம்னு எங்களைக் குறைச்சு நினைச்சுரக் கூடாதில்லையா? அதனால நீங்க வர்ற வரைக்கும் சும்மா இருக்கலை."

வண்டுக்காரர் நின்றுவிட்டார். "என்ன பண்ணீங்க?"

இளைஞர் வெட்கமும் பெருமையுமாக மேசை மேலிருந்த தட்டின் மூடியைத் திறந்தார். "எங்க ஊர்ல அந்த வண்டு கிடைக்கலை சார். எறும்பு விட்டோம். நாலே நாள்தான். நேத்து காலையில வரைக்கும் தலை இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஆவலாக அவர் முகத்தைப் பார்த்தார். "சரியாத்தானே பண்ணியிருக்கோம், சார்?"